காது அட்டென்ஷன்

பாட்டு டீச்சருக்குப் பிரசவ விடுமுறை தொடங்கிய அன்றே, மூன்றாம் வகுப்பு பி பிரிவின் கொடிப்பாட்டு டிரில் மாஸ்டர் தலையில் வந்து விழுந்தது.

தேசிய தினத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. வருடா வருடம் கொடி ஏறியதும் ஒரு வகுப்பு மேடையேறி நாட்டைப் பற்றி ஒரு பாட்டுப் பாடும். பெற்றோர்கள் கூட்டமாக வந்து, செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தங்கள் பிள்ளையை மட்டும் பெரிதாக்கிப் படம் எடுப்பார்கள். இந்த வருடம் மூன்று பி முறை.

"எனக்கும் பாட்டுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது மேடம்," என்றார் மாஸ்டர்.

"பசங்க உங்களுக்குத்தான் அடங்குவாங்க," என்றார் தலைமையாசிரியை, கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "டீச்சர் வீட்ல பாடி ரெக்கார்டு பண்ணி அனுப்பியிருக்காங்க. போன்ல போட்டுக் காட்டுங்க, போதும். நீங்க ஒண்ணும் பாட வேண்டாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் மாஸ்டருக்கு உயிர் வந்தது. மைதானத்தின் அந்தக் கோடியில் சண்டை போடும் பையனை இந்தக் கோடியிலிருந்து பெயர் சொல்லி அதட்டிப் பிரிக்கும் குரல் அவருடையது. ஆனால் அதே குரலை ஒரு சுரத்தில் நிறுத்தி வைக்கச் சொன்னால், அது கட்டு அவிழ்ந்த கன்றுக்குட்டியாக எங்கேயாவது ஓடிவிடும்.

முதல் நாள் வகுப்பில் ரெக்கார்டைப் போட்டார். "கொடியே கொடியே உயரப் பற, கூடி நிற்கிறோம் குனிந்து பார்" என்று டீச்சரின் குரல் பூப்போல வந்தது. "எங்கே, பாடுங்க," என்றார். முப்பத்திநான்கு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். நாட்டுப்பற்று என்றாலே கழுத்து நரம்பு புடைக்க வேண்டும் என்று யாரோ இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். யாரென்று தெரிந்தால் நாலு வார்த்தை கேட்கலாம். கொடி அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தால் கம்பத்தை விட்டு இறங்கி ஓடியிருக்கும்.

பக்கத்து அறையிலிருந்து நாலாம் வகுப்பு கணக்கு டீச்சர் எட்டிப் பார்த்தார். "மாஸ்டர், இங்க வாய்ப்பாடு நடக்குது. அங்க என்ன, சண்டையா நடக்குது?"

மாஸ்டருக்கு முகம் தொங்கிப் போயிற்று. பாடிக் காட்டித் திருத்த வழியில்லை. தெரிந்ததெல்லாம் டிரில் ஒன்றுதான். ஆகவே தெரிந்ததையே செய்தார்.

"எல்லாரும் எழுந்து நில்லுங்க. கை அட்டென்ஷன். கால் அட்டென்ஷன்." சற்று யோசித்தார். "காது அட்டென்ஷன்."

"காதை எப்படி சார் வைக்கணும்?" என்று ஒருவன் கேட்டான்.

"கண்ணை மூடிக்க. வாயையும் மூடிக்க. அப்புறம் காது தன்னால நிமிர்ந்துக்கும். ஒரு நிமிஷம். என்னென்ன கேட்டுச்சுன்னு அப்புறம் சொல்லணும்."

அந்த ஒரு நிமிடத்தில் வகுப்பு முதன்முதலாக அமைதியானது. நிமிடம் முடிந்ததும் கைகள் உயர்ந்தன. மின்விசிறி மூன்று சுற்றுக்கு ஒரு தடவை முனகுகிறது. பியூன் அண்ணனின் இடது செருப்பு மட்டும் தேய்கிறது. கணக்கு டீச்சர் ஏழாம் வாய்ப்பாட்டில் ஒரு வரியைத் தாண்டிவிட்டார். இதை மாஸ்டர் வெளியே சொல்லவில்லை, ஆனால் மனசு கொஞ்சம் ஆறியது.

அன்றிலிருந்து அதுதான் பாடம். முதலில் அறையைக் கேட்டார்கள். பிறகு பாட்டைக் கேட்டார்கள். டீச்சர் எங்கே மூச்சு எடுக்கிறார், எந்தச் சொல்லை இழுக்கிறார், எதை வெடுக்கென்று விடுகிறார் என்றெல்லாம் விரல் விட்டுச் சொன்னார்கள். "ரெக்கார்டுல இருக்கறது ஒண்ணுகூடத் தப்பக் கூடாது," என்பது மாஸ்டரின் கட்டளை. பாடும்போது பக்கத்தில் இருப்பவரின் குரல் காதில் விழ வேண்டும், விழவில்லையென்றால் கத்துகிறாய் என்று அர்த்தம். ஒரே வாரத்தில் சண்டை ஓய்ந்து பாட்டு மாதிரி ஒன்று கேட்க ஆரம்பித்தது. கணக்கு டீச்சர் இப்போது வேறு காரணத்துக்காக எட்டிப் பார்த்தார்.

இரண்டாம் வாரம் தலைமையாசிரியை வந்து கதவோரம் நின்று கேட்டார். வரிசைக்கு நடுவே நடந்து, ஒவ்வொரு வாயருகிலும் குனிந்தார். பிறகு மாஸ்டரை வராந்தாவுக்கு அழைத்தார்.

"நல்லா வந்திருக்கு மாஸ்டர். ஆனா ஆறு பேர் சுருதியை விட்டு எங்கேயோ போறாங்க." யார் யாரென்று சொன்னார். முன்பல் இரண்டும் விழுந்திருந்த ஓட்டைப்பல், அவள் பக்கத்திலேயே நிற்கும் இரட்டையர்கள், கடைசி வரிசையில் மூன்று பேர். "அவங்க மேடையில வாயை மட்டும் அசைக்கட்டும். சின்னப் பிள்ளைங்கதானே, ஒண்ணும் தோணாது."

எட்டு வயதில் மாஸ்டருக்கும் ஒரு பாட்டு டீச்சர் இருந்தார். "நீ வாயை மட்டும் அசைச்சுக்கோ கண்ணு," என்று கன்னத்தைத் தட்டி, அத்தனை அன்பாகச் சொன்னார். திட்டியிருந்தால் மாஸ்டர் மறுநாளே மறந்திருப்பார். அன்பாகச் சொன்னதுதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கு நாற்பது வருடமாகிறது, கொடிக்கு முன்னால் நின்று அவர் சத்தமாக ஒரு வரி பாடியதில்லை. நெஞ்சை நிமிர்த்தி, வாயை அழகாக அசைப்பார். கட்டிய மனைவிக்குக்கூட அது தெரியாது.

"வெள்ளிக்கிழமை ஒத்திகை வரைக்கும் டைம் குடுங்க மேடம்," என்றார்.

"வெள்ளிக்கிழமை கேட்டுட்டு முடிவு சொல்றேன். ஊரே வருது மாஸ்டர். நம்ம பேர் கெடக் கூடாது."

மறுநாள் காலை பிரார்த்தனை முடிந்து எல்லோரும் கலையும்போது, ஓட்டைப்பல் அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"சார், ஸ்கூல் பாட்டு பாடும்போது உங்க வாய்தான் அசையுது. சத்தமே வரல. நான் காது அட்டென்ஷன்ல கேட்டேன்."

இத்தனை வருடம் யார் கண்ணிலும் படாமல் தப்பியவர், தானே பழக்கிய காதிடம் கையும் களவுமாகப் பிடிபட்டார். "தொண்டை வலிம்மா," என்று மென்று விழுங்கினார்.

"நேத்தும் வரலையே சார்."

"நேத்தும் வலி."

அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் பெரியவர்கள் பொய் சொன்னால் மேற்கொண்டு நோண்டக் கூடாது என்ற நாகரிகம் அவளுக்கு இருந்தது.

அந்த வாரம் முழுக்க மாஸ்டர் அந்த ஆறு பேரையும் பதினொரு மணிக்குத் தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். மோட்டார் ஓடத் தொடங்கினால் ஒரே சுரத்தில் "ம்ம்ம்" என்று நிற்கும். அதற்கு மூச்சு முட்டாது, கோபம் வராது, யாரையும் கேலி செய்யாது. "அது எங்க நிக்குதோ அங்க போய் நில்லுங்க," என்றார். ஆறு பேரும் வாயை மூடி முனகினார்கள். முதல் நாள் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. மூன்றாம் நாள் இரட்டையர்களில் ஒருவன் சட்டென்று கண்ணைத் திறந்து, "சார், என் மண்டைக்குள்ள மோட்டார் ஓடுது," என்றான். சுரம் சேர்ந்துவிட்டால் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. மாஸ்டருக்குத் தெரியாது. அவர் மண்டைக்குள் அது ஓடியதே இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. தலைமையாசிரியை நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கணக்கு டீச்சரும் சாக்பீஸ் கையோடு வந்து நின்றார். வகுப்பு லீடர் முதல் வரியை எடுத்துக்கொடுத்தாள். இரட்டைப் பின்னலும், தீர்ப்புச் சொல்பவரின் முகமும் கொண்ட அவளைப் பிள்ளைகள் லீடரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். "கொடியே கொடியே உயரப் பற, கூடி நிற்கிறோம் குனிந்து பார்" என்று முதலிரண்டு வரி அருமையாக வந்தது. மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்தது.

இரண்டாம் வரி முடிந்ததும் முப்பத்திநான்கு பேரும் ஒரே தாளத்தில் "க்கும், க்கும்" என்று இருமினார்கள். இருமிவிட்டு மூச்சு எடுத்து, மூன்றாம் வரிக்குப் போனார்கள்.

கணக்கு டீச்சரின் சாக்பீஸ் கீழே விழுந்தது.

"நிறுத்துங்க. என்ன இது?" என்றார் தலைமையாசிரியை.

"ரெக்கார்டுல இருக்கு மேடம்," என்றாள் லீடரம்மா, கொஞ்சமும் கலங்காமல். "டீச்சர் வீட்ல யாரோ இருமறாங்க. ரெண்டு தடவை. இரண்டாவது கொஞ்சம் சின்னது. நேத்துதான் எங்க எல்லார் காதுலயும் விழுந்துச்சு. ஒண்ணுகூடத் தப்பக் கூடாதுன்னு சார் சொன்னாரு."

மாஸ்டர் அந்த ரெக்கார்டை நூறு தடவை போட்டிருக்கிறார். அவர் காதில் அந்த இருமல் ஒரு தடவைகூட விழவில்லை. போனை எடுத்துப் போட்டார். இருந்தது. டீச்சரின் வீட்டுக்காரர்தான் போலும், தூரத்து அறையில் பாவம் அடக்கி அடக்கி இருமியிருக்கிறார்.

"கொடிக்கு முன்னால போய் இப்படி இருமினா என்ன ஆகும்?" தலைமையாசிரியை எழுந்துவிட்டார். "இதுக்குத்தான் அந்த ஆறு பேரையும்..."

"அந்த ஆறு பேரும் இருமினாங்க மேடம்," என்றார் மாஸ்டர்.

"என்ன?"

"அதே இடத்துல, அதே அளவுக்கு. இரண்டாவதைச் சின்னதா. எனக்குக் கேக்காதது அவங்களுக்குக் கேட்டிருக்கு. இவ்வளவு கேக்குற பிள்ளைங்களை வாயை மட்டும் அசைன்னு சொல்ல என்னால முடியாது மேடம். நீங்க வேணும்னா சொல்லிக்குங்க." சொன்ன பிறகுதான், தலைமையாசிரியையிடம் இப்படிப் பேசியிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. காது மடல் வரைக்கும் சிவந்துபோய் நின்றார்.

தலைமையாசிரியை அந்த ஆறு பேரையும் பார்த்தார். அவர்கள் கை அட்டென்ஷன், கால் அட்டென்ஷனில் நின்று, தங்கள் தலைவிதிக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நடந்துகொண்டிருப்பது என்ன என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"இருமலை எடுத்துடுங்க," என்றார் கடைசியில். "ஆறு பேரும் பாடட்டும். ஆனா அன்னிக்கு ஏதாவது ஆச்சுன்னா பதில் சொல்ல வேண்டியது நீங்க."

அன்றைக்கு ஏதாவது ஆகத்தான் செய்தது.

கொடி ஏறியது. மைதானம் நிரம்பி வழிந்தது. மூன்று பி மேடையேறியதும் நூறு செல்போன்கள் உயர்ந்தன. ஒலிபெருக்கி ஒரு தடவை கீச்சிட்டு அடங்கியது. லீடரம்மா ஓரடி முன்னால் வந்து, வாயைத் திறந்து, கூட்டத்தைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை. தீர்ப்புச் சொல்லும் முகம் பேயடித்த முகமாயிற்று.

மேடைக்குக் கீழே நின்ற மாஸ்டருக்குக் கைகால் ஓடவில்லை. ரெக்கார்டு இருந்த போன் வகுப்பறையில் கிடந்தது. கழுத்தில் விசில் இருந்தது, ஆனால் அதை ஊதினால் இவர்கள் இடது வலது போட்டு மேடையை விட்டே இறங்கிவிடுவார்கள். நாலாவது வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். முதல் வரிசையில் தலைமையாசிரியையின் பார்வை மாஸ்டர் முதுகைத் துளைத்தது. மேடையில் முப்பத்திநான்கு ஜோடிக் கண்கள் அவரையே பார்த்தன. தொடங்க ஒருவர் இல்லாவிட்டால் ஆறு பேரென்ன, யாருமே பாடப் போவதில்லை.

மாஸ்டர் பாடினார்.

"கொடியே கொடியே..."

அது டீச்சர் எடுத்த இடத்தில் இல்லை. அதற்கு ரொம்பக் கீழே, கிணற்றுக்குள் இறங்கி நின்றுகொண்டு பாடுவதைப் போல வந்தது. மைதானத்துக் குரல் ஆனதால், ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசை வரை போய்ச் சேர்ந்தது. தனக்கே கேட்ட தன் பாட்டுச் சத்தத்தில் அவர் கூசிப்போனார். நிறுத்திவிடலாமா என்று நினைத்த நொடியில், பக்கத்தில் இன்னொரு குரல் வந்து நின்றது.

ஓட்டைப்பல் கண்ணை மூடியிருந்தாள். அவர் எங்கே எடுத்தாரோ, இம்மி பிசகாமல் அங்கேயே இருந்தாள். அடுத்து இரட்டையர்கள் வந்தார்கள். கடைசி வரிசையின் மூவரும் வந்தார்கள். ஒரு வாரம் மோட்டாரின் அடிக்குரலைத் தேடிப் பிடித்தவர்களுக்கு மாஸ்டரின் அடிக்குரலைப் பிடிப்பது பெரிய வேலையாக இருக்கவில்லை. அந்த ஆறு பேரும் பிடித்து நின்ற பிறகு, அவர்களைக் கேட்டுக் கேட்டு மற்ற இருபத்தியேழு பேரும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கடைசியாக லீடரம்மாவும் வந்தாள்.

பாட்டு முழுவதும் அந்தக் கீழ்ச் சுருதியிலேயே போயிற்று. பிள்ளைகள் கொடிக்குக் கேட்கப் பாடவில்லை, பக்கத்திலிருப்பவருக்குக் கேட்கப் பாடினார்கள். செல்போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. படம் எடுக்க வந்தவர்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். கணக்கு டீச்சர் மூக்கை உறிஞ்சினார். மாஸ்டருக்கு மண்டைக்குள் என்னமோ ஓடியது. கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் தலைமையாசிரியை அவர் பக்கமாக வந்தார். "மாஸ்டர், நீங்க எடுத்தது எந்தச் சுருதி?"

"தெரியல மேடம். பசங்க கண்டுபிடிச்சுட்டாங்க."

தலைமையாசிரியை என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் எல்லோரும் நாட்டுப்பண்ணுக்கு எழுந்து நின்றார்கள். இசை வரட்டும் என்று கூட்டம் காத்திருக்க, டிரில் மாஸ்டர் ஒருவர் மட்டும் பொறுக்க முடியாமல் முதல் சொல்லை எடுத்துவிட்டார்.