செவலைக்குத் தைத்த பனியன்

ஊர் ஆம்பிளைகளுக்கெல்லாம் பனியன் தைத்தவள் நான்; குதிரைக்கும் ஒன்று தைத்தேன். அதைப்போல் கேடுகெட்ட வேலையை என் கை அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

அறுபத்து மூன்றாம் வருடம், சித்திரை மாதம். என் வீட்டுக்காரர் நல்லான், திருப்பூர் ஸ்டேஷனுக்குப் பனியன் பண்டல் ஏற்றும் குதிரைவண்டிக்காரர். செவலை எங்கள் பெட்டைக் குதிரை, அந்தியூர்ச் சந்தையில் குட்டியாக வாங்கியது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. “சாமி” என்று நான் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற உயிர் அது ஒன்றுதான்.

வெயில் ஏற ஏற அதற்குப் பிடரியில் அரிப்பு கண்டது. வேப்பமரத்தில் உரசி உரசி மயிர் கொட்டி, உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணாகிவிட்டது. எந்நேரமும் ஈ மொய்த்தது.

“வேப்பெண்ணெயப் போட்டு, நெழல்ல கட்டிக் காத்தாட உட்டாப் போதும் புள்ள,” என்றார் அவர்.

எனக்குப் போதவில்லை. வெள்ளைத் துணி ஏற்றுகிற வண்டிக்குச் சீழ் வடியும் குதிரையா என்று கம்பெனி வாசலில் முகம் சுளித்தார்கள். என் பக்கத்து மிஷின்காரி பொன்னாத்தாள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிப் போனாள். பெற்ற பிள்ளையைப் பார்த்து ஒதுங்கியதுபோல் எனக்குச் சுருக்கென்றது. வீம்பும் வந்துவிட்டது.

சலவைப்பட்டறையிலிருந்து அன்றுதான் வந்த வெட்டுத்துணியைக் கேட்டு வாங்கினேன். பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கைத் துளைத்தது. அழுக்கையே கொல்லுகிற நெடி, ஈயை விடுமா என்று கணக்குப் போட்டேன். கழுத்திலிருந்து முதுகு வரைக்கும் மடிப்பில்லாமல் பிடிக்கிற மாதிரி தைத்து, நழுவாதபடி வயிற்றடியிலும் மூட்டிவிட்டேன்.

வண்டி ஸ்டாண்டில் ஒரே சிரிப்பு. “ஏனுங்க நல்லாண்ணா, சைஸு முப்பத்தாறுங்களா, நாப்பதுங்களா?” என்றான் கந்தவேல். சிரிக்கட்டுமே. ஒருத்தனும் மூக்கைப் பொத்தவில்லை.

“தெனமும் ஒருக்காக் கழட்டிப் பாக்கோணும் புள்ள,” என்று இவர் இரண்டு தடவை சொன்னார்.

“கழட்டுனா ஈ பூந்துக்குமுங்க. பேசாம இருங்க,” என்றேன்.

மூன்றாம் நாளிலிருந்து செவலை மரத்தில் உரசவில்லை. தலையைத் தொங்கப்போட்டு அமைதியாக நின்றது. குணமாகிவிட்டது என்று நான் அக்கம்பக்கமெல்லாம் பீற்றிக்கொண்டேன். ஏழாம் நாள் கொள்ளுத் தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. தொட்டால் உடம்பு கொதித்தது.

மாட்டு டாக்டரை இவர் ஓடிப்போய்க் கூட்டிவந்தார். அவர் கத்தரிக்கோலால் தையலைப் பிரித்துத் துணியை இழுத்தார். துணியோடு தோலும் வந்தது. பவுடர் வியர்வையில் ஊறிச் சுற்றிலும் வெந்திருந்தது. நடுவில் இருந்த குழியில் புழு நெளிந்தது.

“துணியப் போடறதுக்கு முந்தியே ஈ முட்ட வெச்சிருக்குது. காத்துப்படாம மூடி, நீங்களே வளத்திருக்கறீங்க,” என்றார் டாக்டர். “முதுகெலும்பு வரைக்கும் போயிருச்சு. இனி வைத்தியமில்ல. வெச்சிருந்தா சித்திரவதைதான். எந்த மடையன் இதத் தெச்சது?”

நான் கதவு மறைவுக்கு நகர்ந்துவிட்டேன்.

“நாந்தானுங்க,” என்றார் இவர். ஊசியில் நூல் கோக்கத் தெரியாத மனுஷன்.

டாக்டர் அவரைப் பிடிபிடியென்று பிடித்தார். வாயில்லாத ஜீவனை வைத்துப் பிழைக்க உனக்கு யோக்கியதை உண்டா என்றார். இவர் கைகட்டி நின்று, “தப்புத்தானுங்க, தப்புத்தானுங்க,” என்றார். நான் மறைவில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். குதிரைக்காக அசிங்கப்பட்டதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். எனக்காகத்தான் அசிங்கப்பட்டிருக்கிறேன். பாவி நான்.

டாக்டர் பெரிய ஊசியில் மருந்தை ஏற்றினார். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

“நாந்தானுங்க தெச்சது! அவரு கழட்டச் சொன்னாருங்க, நாந்தானுங்க கேக்கல!” என்று கத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

டாக்டர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

“இப்ப எதுக்கு புள்ள அதெல்லாம்,” என்றார் இவர். “வா, வந்து தலையப் புடி. நீ புடிச்சாத்தான் அது பயப்படாது.”

பிடித்தேன். அது பயப்படவில்லை.