மெஷின்களின் சண்டை

லான்சினேயின் மோட்டார் சைக்கிள் ஷியா மரத்தடியில் நின்றிருந்தது. சீட்டின் மேல் அவன் சட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஆளைக் காணவில்லை.

கான்கூ தலைச்சுமையை இறக்கிவைத்தாள். சோறும் நிலக்கடலைக் குழம்பும் இன்னும் சூடாக இருந்தன. கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவளுக்குப் பெரிய குரல் கிடையாது. சந்தையில் விலை கேட்கக்கூடப் பக்கத்து வீட்டுக்காரியைத்தான் முன்னே தள்ளுவாள். இப்போது கத்திப் பார்த்தாள். பழைய குழிகள் நிறைந்த செம்மண் வெளி அந்தக் கத்தலை வாங்கிக்கொண்டு சும்மா கிடந்தது.

வருஷத்தின் முதல் மழை நேற்று சாயங்காலம்தான் பெய்திருந்தது. மண் காயும்வரை பழைய குழிக்குள் இறங்கக் கூடாது என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். லான்சினேக்கும் தெரியும். ஆனால் நேற்று மேற்கே ஓடைக்கரையில் எவனோ கோழிமுட்டை அளவுக்கு ஒரு தங்கக் கட்டி எடுத்துவிட்டான். விடிவதற்குள், வட்டத் தட்டை மண்மேல் வீசி உள்ளே இருக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் மெஷின் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அங்கே வந்து இறங்கிவிட்டார்கள்.

"அங்க ஆளுக்கு ஒரு அடி இடம்கூடக் கிடைக்காது. நான் பழைய குழிப் பக்கம் போறேன்" என்று லான்சினே காலையில் சொன்னான். "முன்னால தோண்டினவங்க கண்ணுக்குத் தெரிஞ்சதைத்தான் எடுத்தாங்க. சுவத்துக்குள்ள இருக்கறது மெஷினுக்குத்தான் தெரியும்."

"மழை பெஞ்சிருக்கே."

"மேலாகத்தான் பார்ப்பேன். இறங்க மாட்டேன்."

அவன் இறங்கியிருப்பான் என்று அவளுக்குத் தெரிந்தது. எங்கே என்பதுதான் தெரியவில்லை. அந்த வெளி முழுக்கச் சல்லடை மாதிரி குழிகள். ஆள் ஒருவன் உடம்பை ஒடுக்கி இறங்கும் அளவுக்குக் குறுகலாக, கிணற்று ஆழத்துக்குப் போய், அடியில் பக்கவாட்டில் குகைபோல் நீளும் குழிகள். மெஷின்காரன் தடம் விட மாட்டான். இலையோடு ஒரு கிளையை இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு நடப்பான். குழிக்குள் இறங்கியதும் அதன் வாயைத் தழை போட்டு மூடிக்கொள்வான். யாரும் பின்னால் வரக் கூடாது. லான்சினே இதில் கெட்டிக்காரன்.

மனைவியும் பின்னால் வர முடியாதபடி அழித்துவிட்டுப் போயிருந்தான்.

அவள் ஒவ்வொரு குழியாக ஓடி எட்டிப்பார்த்தாள். பல குழிகளில் ஓரம் சரிந்து ஈரமண் விழுந்திருந்தது. எது பழைய சரிவு, எது இன்றைக்குச் சரிந்தது என்று சொல்ல முடியவில்லை. ஒன்றின் அருகில் மட்டும் வாடாத தழை கிடந்தது. காற்று அதை எங்கிருந்தும் கொண்டுவந்திருக்கலாம்.

கணவனின் சிநேகிதன் ஃபாமோரோ ஓடைப் பக்கம் இருந்து வந்தான். தன் மெஷினைத் தோளில் போட்டிருந்தான்.

"அண்ணி, அவன் எங்க? காலையில இருந்து ஆளையே காணோம்."

அவள் மோட்டார் சைக்கிளைக் காட்டினாள். குழிகளைக் காட்டினாள். ஃபாமோரோ முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"மெஷின் வெச்சுப் பாரு" என்றாள். "மண்ணுக்குள்ள இருந்தாலும் சொல்லும்ல."

"எதைச் சொல்லும், அண்ணி? அவன் மேல துளி இரும்பு கிடையாது. மோதிரம் இல்ல, பெல்ட் இல்ல, போனைக்கூட உங்ககிட்டத்தானே குடுத்திருக்கான். மெஷின் பிடிக்கறவன் எல்லாத்தையும் கழட்டி வெச்சிட்டுத்தானே போவான்." அவன் தலையைப் பிடித்துக்கொண்டான். "மெஷின் தேடவே தேடாத ஆளா ஆக்கிக்கிட்டுப் போயிருக்கான்."

போன் அவள் இடுப்பு முடிச்சில் இருந்தது. அதன் கனம் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஆனாலும் ஃபாமோரோ மெஷினைப் போட்டான். லான்சினே கொண்டுபோன கடப்பாரையாவது கேட்கட்டும் என்று. போட்டதுமே அது கரகரவென்று கத்தத் தொடங்கியது. தங்கத்துக்கு அது வேறு மாதிரி, மெல்ல ஏறி இறங்கும். இது கட்டுக்கடங்காத இரைச்சல்.

"சண்டை போடுது" என்று ஃபாமோரோ எரிச்சலோடு அணைக்கப் போனான். "ஓடையில அத்தனை பேரு நிக்கறான். எல்லார் மெஷினும் இங்கவரைக்கும் வருது."

கான்கூ அவன் கையைப் பிடித்தாள். கணவனோடு போய் மண் தோண்டிக் கொடுக்கிறவள் அவள். அந்த இரைச்சல் அவளுக்குப் பழக்கம். இன்னொருத்தன் மெஷினோடு பக்கத்தில் வந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று கேட்டுக் கத்தும். லான்சினே உடனே அந்த ஆளின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவான்.

"அவன் மெஷினும் அவன்கூடத்தானே இருக்கு?" என்றாள்.

"ஆமா."

"போட்டிருந்தா அதுவும் இதோட சண்டை போடும்ல? மண்ணுக்குள்ள இருந்தாலும்?"

ஃபாமோரோ அவளையே பார்த்தான். "போடும். ஆனா இதுல அவனோடது எது, அவனுங்களோடது எதுன்னு எப்படி அண்ணி பிரிக்கறது?"

அவள் ஓடையை நோக்கி ஓட ஆரம்பித்தாள்.

ஓடைக்கரையில் ஆண்கள் குனிந்த தலை நிமிராமல் மெஷினை இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டிருந்தார்கள். எல்லார் காதிலும் ஹெட்போன். முதலில் நின்றவன் ஒரு காதை மட்டும் திறந்து கேட்டான்.

"எல்லாரும் நிறுத்தணுமா? எதுக்கு?"

அவள் சொன்னாள்.

"உன் புருஷன் எங்கயாவது டீ குடிச்சிட்டிருப்பான், போம்மா."

பக்கத்தில் நின்றவன் சிரித்தான். "லான்சினேயா? அவனுக்கு அங்க ஏதோ மாட்டிருக்கு. மெஷின் சரியாக் கேக்கல. அதான் பொண்டாட்டிய விட்டு நம்மள அணைக்கச் சொல்றான். நல்லா வேலை செய்யறான்யா."

"பொய் சொல்லல" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"யாரும் பொய்யின்னு சொல்லிட்டுப் பொய் சொல்ல மாட்டாங்க" என்று அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

கூட்டத்தின் நடுவில் கபினே கோண்டே இருந்தார். நரைத்த தாடி, பெரிய வைக்கோல் தொப்பி. அவர் எங்கே நிற்கிறாரோ அங்கேதான் மற்றவர்கள் நிற்பார்கள். அவர் கோண்டே குலம். கான்கூ பிறந்த வீடு திராவோரே குலம். கோண்டேயும் திராவோரேயும் எங்கே எதிர்ப்பட்டாலும் அடிமை என்றும் காராமணி தின்னி என்றும் ஒருவரை ஒருவர் விளையாட்டாக ஏசிக்கொள்ளலாம். கோபப்படக் கூடாது. ஏசியவர் கேட்டதை மறுக்கவும் கூடாது. கல்யாணத்திலும் சாவு வீட்டிலும் மற்றப் பெண்கள் அந்த உரிமையை வயிறு குலுங்கச் செலவழிப்பதை அவள் ஓரமாக நின்று பார்த்திருக்கிறாள். ஒரு தடவைகூட வாயைத் திறந்ததில்லை.

அவர் மெஷினின் தட்டு அவளை நோக்கி வீசி வந்தபோது அதன் முன்னால் போய் நின்றாள். அவர் தலையைத் தூக்கினார்.

"ஏ காராமணி தின்னி" என்றாள்.

கபினே ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார். பழக்க தோஷத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"யாரது? திராவோரே வீட்டுப் பொண்ணா? என் அடிமைக்கு இவ்வளவு வாயா? போ, குடிக்கத் தண்ணி கொண்டா."

"கொண்டாறேன். உன்னைக் குளிப்பாட்டியும் விடறேன், நாத்தம் தாங்கல. முதல்ல அந்த மெஷினை நிறுத்து."

"நிறுத்திட்டா தங்கத்த உங்கப்பன் வந்து பொறுக்குவானா?"

"எங்கப்பன் பொறுக்கினா உனக்குக் காராமணித் தோலுகூட மிஞ்சாது." அவள் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஏச்சை விட்டால் உரிமையும் போய்விடும் என்பதுபோல் நிறுத்தாமல் பேசினாள். "நிறுத்து, அடிமை. எல்லாரையும் நிறுத்தச் சொல்லு. என் புருஷன் மண்ணுக்குள்ள இருக்கான். அவன் மெஷின் கத்தறதை நான் கேக்கணும். திராவோரே கேக்கறேன்."

சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். கபினே அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் மெஷினை அணைத்தார்.

"எல்லாரும் அணைங்கடா" என்றார். "எவன் மெஷின்ல சத்தம் வருதோ அதை ஓடையில போடுவேன்."

ஒவ்வொன்றாக அணைந்தது. அவளைச் சந்தேகப்பட்டவன்தான் கடைசியாக அணைத்தான்.

கூட்டமே பழைய குழிகளுக்கு நடந்து வந்தது. ஃபாமோரோ மெஷினைப் போட்டான். இரைச்சல் இல்லை. மரத்தில் ஒரு குருவி கத்துவது கேட்டது.

"நடப்பா" என்றார் கபினே.

ஃபாமோரோ நடந்தான். குழிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து கிழக்கே போனான். திரும்பினான். மெல்லக் கரகரத்தது. அவன் நின்றான். அது வலுத்தது. கான்கூ முன்னால் பாய்ந்தாள்.

"டேய்" என்று கபினே பின்னால் பார்த்து உறுமினார். மரத்தடியில் ஒருத்தன் திருட்டுத்தனமாகத் தன் மெஷினைப் போட்டுப் பார்த்திருந்தான். இரண்டு பேர் அவனைப் பிடித்துக் கீழே தள்ளினார்கள். கரகரப்பு நின்றுவிட்டது. மறுபடி ஒன்றுமில்லை.

அவள் மெஷினைக் கேட்டாள். ஃபாமோரோ கொடுத்துவிட்டான். அவள் அதை வீசவில்லை. தட்டை மண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக வைத்தாள். தெற்கு ஓரத்தில், மூன்று குழிகள் நெருக்கமாக இருந்த இடத்தில், அது முனகியது. அவள் திரும்பிப் பார்த்தாள். எல்லார் கையும் வெறுமையாக இருந்தது. இன்னும் ஒரு அடி வைத்தாள். முனகல் கரகரப்பானது. நடுக்குழி மேலேவரை மண்ணால் நிரம்பியிருந்தது. அதைத் தாண்டி அவள் நின்ற இடத்தில் மெஷின் தாங்க முடியாமல் கத்தியது.

"பக்கக் குகையில இருக்கான்" என்றான் ஃபாமோரோ. "இல்ல, மெஷின் மட்டும் இருக்கோ என்னவோ."

கத்தல் நின்றது. சில மூச்சு நேரம் மௌனம். பிறகு மறுபடி கத்தியது. நின்றது. கத்தியது.

"பேட்டரி போகுதா?" என்று யாரோ கேட்டார்கள்.

"பேட்டரி போனா திரும்ப வராது" என்றாள் கான்கூ. "அவன் அணைச்சுப் போடறான். அவனுக்கும் கேக்குது. அவன் காதுலயும் நம்ம மெஷின் சண்டை போடுது." அவள் தன் மெஷினை அணைத்தாள். போட்டாள். உடனே கீழே அவனும் அணைத்துப் போட்டான்.

மேலிருந்து தோண்டினால் மிச்ச மண்ணும் அவன் மேல் இறங்கும். பக்கத்துக் குழிக்குள் இறங்கிக் குறுக்கே குடைய வேண்டும் என்றார் கபினே. ஈரமண்ணில் அதுவும் சரியலாம். முதல் ஆளாக ஃபாமோரோ இறங்கினான். இரண்டாவதாக இறங்கியவன், புருஷன்தான் அவளை ஏவிவிட்டான் என்று ஓடைக்கரையில் சிரித்தவன். மற்றவர்கள் வரிசையாக நின்று வாளியில் மண்ணை மேலே வாங்கினார்கள். கான்கூ தட்டைப் பிடித்தபடி நின்றாள். எந்தப் பக்கம் என்று கீழே கேட்கும்போதெல்லாம் அவள் மெஷினைக் கேட்டுச் சொன்னாள்.

வெயில் உச்சிக்கு வந்தது. அணைத்துப் போடுவது மெதுவானது. பிறகு ஒரு தடவை அவன் போட்ட மெஷின் அப்படியே கத்திக்கொண்டே இருந்தது. அணைக்கவில்லை. வெகுநேரம் அணைக்கவில்லை. பிறகு அதுவும் நின்றது.

வாளி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள்.

"பேட்டரியா இருக்கும்" என்றார் கபினே. அவர் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை.

"எந்தப் பக்கம்?" என்று கீழிருந்து ஃபாமோரோ கேட்டான். மெஷினில் ஒன்றும் இல்லை. அவள் கடைசியாகச் சத்தம் பெரிதாகக் கேட்ட இடத்தில் காலை ஊன்றி நின்றிருந்தாள். அங்கிருந்து நகரவில்லை.

"என் காலுக்கு நேரா" என்றாள். "என் காலுக்கு நேரா வா."

இன்னும் வாளிகள் வந்தன. ஈரமண், பிறகு காய்ந்த மண், பிறகு கல். பிறகு வாளி வரவில்லை. கீழே இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ பேசினார்கள். ஒன்றும் புரியவில்லை. கயிறு அசைந்தது.

"இழுங்க" என்று குரல் வந்தது. "மெதுவா. காலு உடைஞ்சிருக்கு."

லான்சினேயின் தலை வெளியே வந்தபோது கண்ணை இறுக்கி மூடியிருந்தான். முகமும் மண்ணும் ஒரே நிறம். கான்கூ மடியில் தலையை வாங்கி வாயில் தண்ணீர் விட்டாள். பாதி வெளியே வழிந்தது. மீதியை அவன் விழுங்குவதை அவள் தொண்டையில் பார்த்தாள்.

"முதல்ல திட்டினேன்" என்றான். "எவன்டா மேல வந்து நின்னு தொல்லை பண்றான்னு. அப்புறம்தான் உறைச்சுது."

மரக்கட்டை வைத்து அவன் காலைக் கட்டி ஆறு பேர் தூக்கிக்கொண்டு பாதைக்குப் போனார்கள். அவர்கள் மரத்தைத் தாண்டும் முன்பே ஓடைப் பக்கம் மெஷின்கள் கத்த ஆரம்பித்துவிட்டன. கபினேயும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அந்தப் பக்கம் நடந்தார்.

"அண்ணி, மெஷினைக் குடுங்க" என்றான் ஃபாமோரோ.

அவள் கொடுக்கத்தான் நினைத்தாள். விரல்கள் பிடியை விடவில்லை. அவன் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.