கெர்ஹானாவின் எடை

1

ஒரு பெயரை நான் எடை போட்டிருக்கிறேன். பட்டப்பகலில், பாதித் தெரு பார்த்துக்கொண்டிருக்க, பெயரை மட்டும் தனியாக. அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது.*

(* முதல் வரைவில் மூன்று கிலோ என்று இருந்தது. என் மனைவி படித்துவிட்டு, "மூணு கிலோன்னா அது பேரு இல்ல, கோழி" என்றாள். குறைத்துவிட்டேன்.)

சந்தைத் தராசுகளையும் படிக்கற்களையும் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தராசைப் பற்றிப் பொய் சொன்னால் எனக்குச் சோறு இறங்காது. மற்ற விஷயங்களில் தாராளமாக இறங்கும்.

இந்தக் கதை பிறந்தது கோபத்தில். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. அதற்காக அவள் பெயரைப் பிடுங்கப் பார்த்தார்கள். நோயைக் கொடுத்தவனை விட்டுவிட்டுப் பெயரைப் பிடித்துச் சிறையில் போடுவது என்ன நியாயம் ஐயா? இரண்டு நாள் தூங்கவில்லை. (தூங்கினேன். நன்றாகத் தூங்கவில்லை.)

2

முதல் தொடக்கம்: "அன்று மாலை எங்கள் க்ளாத்தேன் நகரின் மேல் ராட்சசத் தலை வாய் பிளந்து சந்திரனை விழுங்க, மெராப்பி எரிமலை உறுமிக் கண் சிவக்க, கிணறுகளெல்லாம் பொங்கி..."

நிறுத்திவிட்டேன். மலை உறுமவில்லை. எங்கள் கிணறு பொங்குவதில்லை, மழைக்காலத்தில்கூட.

இரண்டாவது தொடக்கம்: "விகாத்தி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு..."

இது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாலைத் தொழுகை முடிந்த நேரம். சந்திரனை விழுங்கியவனை விரட்ட எங்கள் தெருப் பெண்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நாளில் நெல் குத்தும் உரலைத் தட்டுவார்கள். இப்போது உரல் யாரிடம் இருக்கிறது? வாணலி, தாம்பாளம், காலி கேஸ் சிலிண்டர். மருத்துவச்சி எண்டா தன் வீட்டு ஜன்னலைத் திறந்து கத்தினாள்: "அம்மாமாரே, சித்த நிறுத்துங்க! இங்க ஒண்ணு பொறந்திருக்கு, அது அழுவுதா இல்லியான்னே கேக்கல!"

தகப்பன் பர்ஜோனோ அண்ணாந்து பார்த்தான். பெண்ணுக்குக் கெர்ஹானா என்று பெயர் வைத்தான். எங்கள் மொழியில் கெர்ஹானா என்றால் கிரகணம். உங்கள் கிரகணமேதான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அன்று வானம் முழுக்க மேகம். கிரகணத்தை ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்காத ஒன்றை விரட்டிவிட்டு, எல்லோரும் திருப்தியாக வீட்டுக்குப் போனார்கள்.

அந்தப் பெயர் எத்தனை அபூர்வம் தெரியுமா? இந்தத் தீவு முழுக்க ஒருத்திதான் என்று எழுதினேன். அடித்தேன். இந்த மாவட்டம் முழுக்க என்று மாற்றினேன். இப்போது மறுபடியும் தீவு என்றே வைத்துக்கொள்கிறேன். மறுப்பவர்கள் இன்னொரு கெர்ஹானாவைக் கையோடு அழைத்து வரட்டும்.

3

கெர்ஹானாவுக்கு இரண்டரை வயதானபோது ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல்மேல் காய்ச்சல். பர்ஜோனோவின் அண்ணன் தர்மாஜி, குழந்தைக்குப் பெரியப்பா, எங்கள் பேச்சில் 'பக்டே', தெருவுக்கே பக்டே, அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்தார். விகாத்தி கல்லில் வேர்க்கடலையும் மிளகாயும் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"பேரு கனம்மா. பிஞ்சு ஒடம்பு, தாங்கல."

விகாத்தி அரைத்தாள்.

"போன்ல பாத்தேன். பேருக்கு அர்த்தம் 'ஒளியை மறைப்பவள்'னு போட்டிருக்கு. எந்தப் புள்ளைக்காவது இப்படி வைப்பாங்களா? ரஹாயுன்னு மாத்திடலாம். நலம்னு அர்த்தம். லேசான பேரு. செவப்புக் கஞ்சி வெள்ளக் கஞ்சி காய்ச்சி நாலு வீட்டுக்குக் குடுத்துட்டா முடிஞ்சுது."

"தெருவுல ஏற்கெனவே ரஹாயுங்க இருக்காங்களே பக்டே."

"இருக்காங்கல்ல? எல்லாம் குண்டுகுண்டா நல்லாத்தானே இருக்கு!"

அவள் கணவனைப் பார்த்தாள். பர்ஜோனோ சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். ஏற்கெனவே எண்ணெய் போட்ட சங்கிலி. "அண்ணன் சொன்னா..." என்றான். வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டான். நானும் விட்டுவிடுகிறேன்.

மிளகாய் கண்ணில் தெறித்துவிட்டதாக விகாத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மிளகாய் இல்லை. அந்தப் பெயரைத்தான் காய்ச்சல் வேளைகளில் அவள் குழந்தையின் காதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். கண் திறந்து பார்த்தது அந்தப் பெயருக்குத்தான். அதைப் பிடுங்கிவிட்டால் அடுத்த காய்ச்சலில் எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

(கோபத்தின் காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். முதல் காய்ச்சல் கொசுவால் வந்தது. கொசு பிறந்தது பக்டே மீன் வளர்ப்பதை விட்டபின் கவிழ்க்காமல் போட்டிருந்த தொட்டியில். இரண்டாவது நெஞ்சுச்சளி. அவர் மாலைதோறும் எரிக்கும் பிளாஸ்டிக் குப்பைப் புகை. மருத்துவச்சி எண்டா இதை அவரிடம் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறாள். பெயர் மாற்றும் வழக்கத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. எனக்கே சிறுவயதில் ஒருமுறை மாற்றியிருக்கிறார்கள். தொட்டி செய்த குற்றத்துக்குப் பெயரைத் தண்டிப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.)

4

இங்கே ஒரு சிக்கல். தர்மாஜியை வில்லனாக்க நான் எவ்வளவோ முயன்றேன். மீசை வைத்துப் பார்த்தேன். பேனா ஒத்துழைக்கவில்லை. முதல் காய்ச்சலில் கொட்டும் மழையில் மோட்டார் சைக்கிளில் குழந்தையை மழைக்கோட்டுக்குள் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். அவருக்குப் பிள்ளையில்லை. பப்பாளி பழுத்தால் முதல் துண்டு கெர்ஹானாவுக்கு. அந்த மனிதருக்குப் பயம், அவ்வளவுதான். பயந்தவர்கள் தொட்டியைப் பார்ப்பதில்லை, வானத்தைப் பார்க்கிறார்கள்.

இவ்வளவு நல்லவராக இருந்துகொண்டு இப்படிச் செய்ததற்காக எனக்கு இன்னும் கூடுதல் கோபம்.

5

மாதாமாதம் எண்டா வீட்டு முற்றத்தில் தெருக் குழந்தைகளுக்கு எடை பார்ப்பார்கள். உத்தரத்தில் தூக்குக்கோல் தொங்கும். ஒரு முனையில் துணித் தொட்டில், மறுபக்கம் நகர்த்தும் குண்டு. கோலைச் சரிபார்க்க, 'பாக்', அதாவது ஐயா, என்று மரியாதையாக என்னைக் கூப்பிடுவார்கள். அன்று சரிபார்த்தேன். முடி அளவு பிசகில்லை.

கெர்ஹானாவைத் தொட்டிலில் வைத்த நேரத்தில் தர்மாஜி பெரிய பானையோடு வந்தார். சிவப்பும் வெள்ளையும். ஆவி பறந்தது.

"எல்லாரும் இங்கதான் இருக்கீங்க, நல்லதாப் போச்சு. இன்னியிலேருந்து புள்ளைக்குப் பேரு..."

"பக்டே." விகாத்தியின் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "பேரு கனம்னு சொன்னீங்க. எவ்வளவு கனம்?"

"என்னம்மா கேள்வி இது?"

"இதோ தராசு. இதோ தராசு தெரிஞ்ச மனுஷரு. எட போட்டுக் காட்டுங்க. ரெண்டு பேரையும் போடுங்க. பழைய பேரு கனம்னு தெரிஞ்சா நானே கஞ்சிய ஊத்திக் குடுக்கறேன்."

"ஏய் விகாத்தி, இது கொழந்தைங்க தராசுடீ" என்றாள் எண்டா.

"பேரும் கொழந்தையோடதுதானே எண்டாம்மா!"

பெண்கள் சிரித்தார்கள். எனக்கோ பணியில் இருந்த காலம் முழுவதும் இதற்குத்தான் காத்திருந்தது போல இருந்தது. குண்டை நகர்த்திக் கோலை மட்டமாக நிறுத்தினேன். குழந்தை காய்ச்சல் விட்ட சோர்வில் துணிப்பை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தாள்.

"கூப்பிடுங்க பக்டே, புதுப் பேரச் சொல்லி."

தர்மாஜி தொண்டையைச் செருமினார். "ரஹாயு! ரஹாயுக் கண்ணு!"

"என்ன பக்டே?" என்றார்கள் முற்றத்தில் இருந்த இரண்டு ரஹாயுக்கள், ஒரே குரலில். தொட்டிலில் அசைவில்லை. கோல் மட்டம்.

"இப்ப பழைய பேரு."

அவர் முகம் சிவந்தது. யாருக்கும் கேட்காதபடி சொன்னார், "கெர்ஹானா."

குழந்தை அந்தக் குரலுக்கு நிமிர்ந்தாள். இரண்டு கையையும் தூக்கி, "பக்டே!" என்று தூக்கச் சொல்லி ஒரு குதி குதித்தாள் பாருங்கள், கோல் சட்டென்று இறங்கியது. நான் குண்டைத் தள்ளினேன், இன்னும் தள்ளினேன், அரைக் கிலோவுக்கு மேல் போய்த்தான் மட்டம் பிடித்தது.

குதிக்கிற குழந்தை எடை கூடக் காட்டும் என்று எனக்கே பாடம் எடுக்க வராதீர்கள். அது பெயரின் எடை இல்லையென்றால், பெயர் கனம் என்றவர் எந்தத் தராசில் பார்த்தார்?

6

சொன்ன சொல்லை விகாத்தி காப்பாற்றினாள். கனம் தெரிந்துவிட்டதல்லவா? அகப்பையை எடுத்துத் தானே கஞ்சி பரிமாறினாள். ஆனால் ஒவ்வொரு கிண்ணத்தையும் நீட்டும்போது, "எம் பொண்ணு பேரு கெர்ஹானா" என்றாள். கஞ்சி காய்ச்சிப் பெயர் மாற்றுவார்கள்; இருக்கும் பெயரையே கஞ்சியால் மறுபடி வைத்தவள் அவள் ஒருத்திதான்.

தர்மாஜி விடவில்லை. "காய்ச்சினவன் நான். ரஹாயுன்னு நெனச்சுக் காய்ச்சினேன். கஞ்சி அந்தப் பேருக்குத்தான். தராசா? அது அசையவே இல்ல. கண்ணு தெரியாத கெழவன் ஏதோ உளறுறான்."

பெயருக்கு எடை உண்டு என்று சொன்ன ஒரே மனிதர், எடையைக் காட்டியதும் நம்ப மறுத்த ஒரே மனிதராகிவிட்டார். அன்றிலிருந்து அவர் மட்டும் அவளை ரஹாயு என்று கூப்பிடுகிறார். அவள் திரும்புவதே இல்லை. ஒரு ரஹாயுவின் அம்மா வந்து, "எம் பொண்ண எதுக்குத் தெனம் கூப்பிடுறீங்க?" என்று சண்டை போட்டுவிட்டுப் போனாள்.

7

முடிவு எழுத வரவில்லை. மூன்று முடிவுகளோடு நேற்று பிற்பகல் தர்மாஜி வீட்டுக்கே போய் உரக்கப் படித்தேன்.

முடிவு ஒன்று: பக்டே தன் மீன் தொட்டியிலேயே குப்புற விழுகிறார், கொசுப்புழுக்கள் கைகொட்டிச் சிரிக்கின்றன.

"கொசுப்புழுவுக்குக் கை ஏது?" என்றார்.

முடிவு இரண்டு: கெர்ஹானா வளர்ந்து தானே பெயரை மாற்றிக்கொள்கிறாள்.

"அது அவ இஷ்டம்."

முடிவு மூன்று: பப்பாளி பழுக்கிறது. பக்டே முதல் துண்டை வெட்டி வேலியோரம் நின்று, ரஹாயு, ரஹாயு என்று கூப்பிடுகிறார். யாரும் வரவில்லை. துண்டை எறும்பு...

"போதும் பாக்."

வாசகரே, மூன்றில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், நான் நான்காவது எழுதப்போவதில்லை என்று முடித்திருப்பேன். அதற்குள் அவர் எழுந்து வேலிவரை போனார். அந்தப் பக்கம் குழந்தை கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டிருந்தாள். அவர் கூப்பிடவில்லை. என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"அந்த மூணாவது முடிவ அடிச்சுடுங்க. தொட்டியில வேணும்னா விழுறேன். கோல் எறங்குச்சு பாக். நான் கூப்பிட்டுத்தான் எறங்குச்சு."