எல்லாரும் முடித்த பிறகு ஒரு சிரிப்பு

1

இந்தக் கதை ஒரு சண்டையிலிருந்து வந்தது. சண்டை போட்டது நான் இல்லை. பெங்களூர் ஜோகுபாளையத்தில் என் வீட்டு மாடியில் குடியிருக்கும் கிருத்திகாவும் எதிர்வீட்டு கிரேஸும். கிருத்திகா கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற திருச்சிப் பெண். கிரேஸ் கோலார் தங்கவயலில் பிறந்தவள், குரலை அடக்கிப் பேசி நான் கேட்டதில்லை.

சண்டை ஒரு சிரிப்பைப் பற்றி. 'லிஃப்ட் ரிப்பேர்'* என்று டிவியில் புதிதாக ஒரு தொடர் வருகிறது. லிஃப்ட் ஓடாத ஒரு கட்டடம், படிக்கட்டில் சண்டை போடும் குடித்தனக்காரர்கள். அவ்வளவுதான் சரக்கு. ஆனால் நிஜ ஆட்களை எதிரே உட்காரவைத்துப் படம் பிடிக்கிறார்கள். அவர்கள் சிரிப்பதும் கூடவே வரும். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு, தனியாக ஒரு சிரிப்பு கிளம்பும். லாரி மலையேறுகிற மாதிரி.

அதை வைத்து ஜனம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. "அந்த ஆளுக்காகத்தான் பார்க்கிறேன்" என்று பாதிப் பேர் போனில் எழுதுகிறார்கள். "ஆளே கிடையாது, மிஷின் சிரிப்பு, நிறுத்துங்கடா" என்று மீதிப் பேர். கிருத்திகா இரண்டாவது கட்சி.

"அது ஃபேக், ஆன்ட்டி. எடிட்டிங்ல கொண்டுவந்து ஒட்டியிருக்காங்க."

"ஒட்றதுக்கு அது இன்னா போஸ்டரா?" என்றாள் கிரேஸ். "அது பாட்டுக்கு சிரிக்குது. உனக்கு எங்க வலிக்குது?"

ஒரு சிரிப்புக்காக கிரேஸுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கிருத்திகா என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

(* தேடாதீர்கள், கிடைக்காது. பெயரை மாற்றியிருக்கிறேன். உங்களை எனக்குத் தெரியாது, நம்புவதற்கு.)

2

ஆரம்பம் ஒன்று: "மாலை மயங்கும் வேளையில், பூங்கா நகரமாம் பெங்களூரின்..." வேண்டாம். மாலையில் இங்கே மயங்குவது ஹார்ன் சத்தம் கேட்டு நாம்தான்.

ஆரம்பம் இரண்டு: "சாலமன் என்று ஒருவன் இருந்தான்." ஏன் இருந்தான்? இருக்கிறான். சாயங்காலம் எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிறான். கதை எழுதுகிறவர்களுக்கு முதல் வரியிலேயே ஆளைக் கொன்றுவிட என்ன அவசரமோ.

ஆரம்பம் மூன்று: நேராகச் சொல்கிறேன். அந்தச் சிரிப்பு கிரேஸின் புருஷன் சிரிப்பு. பெயர் சாலமன் என்று வைத்திருக்கிறேன், அது அவன் பெயர் இல்லை. கிரேஸும் கிரேஸ் இல்லை. கிருத்திகா மட்டும் கிருத்திகாதான். நான் நாலாவதோடு நின்றவன். எழுதிக் கொடுப்பதை அவள்தான் டைப் அடிக்கிறாள்.

[அங்கிள்!! நம்ம எதிர்வீட்டு அங்கிளா அது? நான் அவரையா மிஷின்னு எழுதினேன்? - கிருத்திகா]

டைப் அடி, பேசாதே.

3

சாலமன் தங்கவயலில் பூமிக்கு அடியில் பாறை துளைக்கிற மிஷின் ஓட்டியவன். அந்த மிஷின் அவன் காதைத் தின்றுவிட்டது. முகத்துக்கு நேரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். கூட்டத்தில் கிரேஸ்தான் அவனுக்குக் காது. பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் விரலால் குத்துவாள். ஒரு குத்து என்றால் சிரிக்க வேண்டும். இரண்டு குத்து என்றால் தலையாட்ட வேண்டும். எத்தனையோ கல்யாணத்தில் அந்த ஆள் இப்படித்தான் பேர் வாங்கினான், நல்ல ரசிகன் என்று.

படப்பிடிப்புக்கு ஆள் பிடித்துப் போகிறவன் டெரிக். எங்கள் தெருவிலிருந்து வேன் நிறைய ஏற்றிப்போனான். கிரேஸ் ஜரிகைச் சேலை கட்டியிருந்தாள். லைட்டில் மின்னுகிறது என்று அவளைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். சாலமன் தொடையில் குத்த ஆளில்லை. அவன் நாலாபக்கமும் வாய்களைப் பார்த்து, ஓஹோ சிரிக்கிறார்கள் என்று கண்டுபிடித்துச் சிரிப்பதற்குள் மற்றவர்கள் முடித்துவிட்டார்கள்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது? இருக்கிறது. சாலமன் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. காது கேட்காது என்று அங்கே யாருக்கும் தெரியாது. லேட்டாகச் சிரித்தது அவன்தான் என்று தெரிந்தால், ஏன் லேட் என்று கேட்பார்கள். காது விஷயம் தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு. இந்த வயசில் அவனுக்கு வேறு கேட் திறக்காது.

சூப்பர்வைசர் கோவிந்தப்பா ஒருநாள் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

"ஏன் சாலமன், டிவில லேட்டா ஒருத்தன் சிரிக்கிறானே, உன் குரல் மாதிரியே இருக்குது?"

"அது மிஷினு சார். கம்ப்யூட்டர்ல போடறாங்களாம்."

"ஹவுதா, அப்படியா? என் மகளும் அதேதான் சொல்றா. போன்ல எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்களாமே."

அரைகுறையாக நம்பிவிட்டுப் போனார்.

(கோவிந்தப்பாவைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். மீசையெல்லாம் வைத்தேன். ஒட்டவில்லை. லாரி பின்னால் வருகிற இடத்தில் காது கேட்காதவனை நிறுத்தக் கூடாது என்கிறார். என்னிடம் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். கதைக்கு இது பெரிய தொந்தரவு.)

4

டெரிக் மறுபடி வந்தான்.

"அங்கிள், சனிக்கிழமை ஷூட்டிங். அதே டைமிங்ல சிரிக்கணும். மூஞ்சி வராது, குரல் மட்டும்தான். ஆளைக் காட்டினா சண்டை நின்னுடும். சண்டைதான் நமக்கு வேணும்."

அவன் போனதும் கிரேஸ் குதித்தாள். "போவாத. போனா மத்தவங்களோட சேந்து சிரி. லேட்டா சிரிச்சவன் நீதான்னு எவனும் சொல்லக் கூடாது." என்னைப் பார்த்தாள். "அண்ணே, நீங்க பக்கத்துல உக்காந்து குத்துங்க. என்னை எப்படியும் பின்னால தள்ளிடுவானுங்க."

எனக்கு அந்தத் தொடரில் ஒரு இடத்திலும் சிரிப்பு வந்ததில்லை. எங்கே குத்துவது என்று எனக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் போனேன்.

5

மேடையில் வீட்டுக்காரர் கேஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து படியேறி வருகிறார். மூச்சிரைக்கிறது. "இது எத்தனாவது மாடிம்மா?" என்கிறார். துணி காயப்போடுகிற அம்மா சொல்கிறாள்: "எங்களுக்கு மூணு. உங்களுக்கு ஏழு மாதிரி தெரியுது."

ஜனம் சிரித்தது. நான் விரலை நீட்டினேன். சாலமன் என் கையைப் பிடித்துக்கொண்டான். இரும்புப் பிடி.

"வுடுண்ணே."

சிரிப்பு ஓய்ந்தது. யாரும் அசையவில்லை. மேடையில் அந்த அம்மா ஈரத்துணியைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறாள். காத்திருக்கிறார்கள். சாலமன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான், மூச்சை இழுத்து...

(அந்தச் சிரிப்பை எழுத்தில் போட முயன்றேன். ஹோ, ஹஹ்ஹோ என்று எழுதினால் ஏதோ சீக்கு மாதிரி இருக்கிறது. விட்டுவிட்டேன்.)

கூடமே எழுந்துவிட்டது. மேடையில் இருந்த அம்மா வசனம் மறந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். இதை நீங்கள் வெளியே சொல்ல வேண்டாம்.

வேனில் அவன் முகத்தை என் பக்கம் திருப்பிக் கேட்டேன். "பைத்தியமாடா நீ? வேலை போனா இன்னா பண்ணுவ?"

"கேட்டுல எவனும் என் மூஞ்சியப் பாக்கறதில்லண்ணே. காரு கண்ணாடியக்கூட எறக்கமாட்டான். இங்க அத்தனை பேரும் எனக்காக நின்னானுங்க. பாத்த இல்ல நீ?"

பார்த்தேன். பின்சீட்டில் கிரேஸ் அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அது ஒரு வசதி.

6

முடிவு ஒன்று: கோவிந்தப்பா உண்மை தெரிந்து சாலமனைக் கட்டிப்பிடித்து... கட்டிப்பிடிக்கிற சூப்பர்வைசரை நான் பார்த்ததில்லை. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: கோவிந்தப்பா சாலமனுக்குப் பின்னால் போய் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சாலமன்

இதற்கு மேல் கை ஓடவில்லை.

[பேக்கிங் செக்ஷன்ல மாத்திட்டாங்கன்னு எழுதுங்களேன், அங்கிள். - கிருத்திகா]

மாற்றுவது யார்? நானா? என்னை அந்த கேட்டுக்குள்ளே விடவே மாட்டார்கள்.

சனிக்கிழமை எடுத்த அந்தப் படம் இன்றைக்கு ராத்திரி டிவியில் வருகிறது. கோவிந்தப்பா வீட்டில் எல்லாரும் டிவி முன்னால் உட்காருவார்கள். மகள் போனைப் பார்த்து, ஜனம் என்ன சொல்கிறது என்று அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவாள். கிருத்திகாவின் கட்சி ஜெயித்தால் சாலமன் மிஷின். நாளைக் காலையில் கேட்டில் நிற்பான். அதனால்தான் அவளிடம் சொன்னேன், நீ எழுதியதை அழிக்காதே, இன்னும் நாலு எழுது என்று.

[சாரி அங்கிள். நீங்க யாருன்னு சொன்னப்பவே அழிச்சிட்டேன். 'லவ் யூ அங்கிள்'னு வேற போட்டுட்டேன்.]

போயிற்று. ஒரு ஆள் குறைந்து, எதிர்க்கட்சியில் ஒரு ஆள் கூடிவிட்டது.

இனி நீங்கள்தான். போன் உங்கள் கையில் இருக்கிறது. அது மனுஷன் சிரிப்பு, பிரமாதம் என்று எழுதினால் சாலமன் அதை கிரேஸிடம் காட்டிக் காட்டிப் பூரித்துப்போவான். மிஷின், நிறுத்துங்கடா என்று எழுதினால் அவனுக்கு வேலை இருக்கும். படிக்கிறவர்கள் எதை எழுதட்டும் என்று அவனையே கேட்டேன். உதட்டை நன்றாகப் பார்த்தான், புரியாத மாதிரி இரண்டு முறை தலையாட்டினான், டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.