உருண்டை என்று நம்பியது

மூன்று எண்களும் ஒன்றாகத் திரையில் வந்தபோது அவளுடையதுதான் மிகச் சிறியதாக இருந்தது.

ஒரே கேலக்ஸிக் கொத்தின் எடையை மூன்று பேர் மூன்று வழியில் கணக்கிட்டிருந்தார்கள். ஒருவர் விடையைப் பார்த்து இன்னொருவர் சரிக்கட்டிவிடக் கூடாதென்று, கடைசி நாள்வரை அவரவர் எண்ணை மறைத்து வைப்பது அங்கே வழக்கம். திறந்தபின் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது.

கொத்துக்குள் கொதிக்கும் வாயுவை எக்ஸ்ரேயில் அளந்தவள் அவள். கொத்துக்குப் பின்னாலிருந்து வரும் ஒளி அதன் எடையால் எவ்வளவு வளைகிறது என்று அளந்தவர் குழுத் தலைவர். அவர் எண் அவளுடையதைப் போல ஒன்றரை மடங்கு.

"எக்ஸ்ரேயத் தூக்கிடலாம்" என்றார்.

"ஏன் அத்தான்?" வாய் தவறி வந்துவிட்டது.

"இங்க அத்தானும் இல்ல, பொத்தானும் இல்ல. டைவர்ஸ் கேஸ்ல நீ உங்கக்காவுக்கு சாட்சி சொன்ன அன்னிக்கே அது முடிஞ்சு போச்சு."

எக்ஸ்ரே போனால் கட்டுரையில் அவள் பெயர் போகும். பெயர் போனால் வேலை நீட்டிப்பு கிடையாது; பெட்டி கட்ட வேண்டியதுதான்.

"என் நம்பர் ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்குது. என்னையும் தூக்குவீங்களா?" என்றாள் மூன்றாமவள். வானத்தின் மிகப் பழைய ஒளியில் அந்த வாயு விடும் நிழலை அளப்பவள். அதனால் எல்லோருக்கும் அவள் 'நிழல்'.

எக்ஸ்ரேக்காரிக்குச் சட்டென்று பொறி தட்டியது. எழுந்து பலகைக்குப் போனாள். வாயு இரு மடங்கு அடர்ந்தால் எக்ஸ்ரே நான்கு மடங்கு பிரகாசிக்கும். நிழலோ இரு மடங்குதான் கூடும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், வாயு நம் பார்வை போகும் திசையில் எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது என்பது பிடிபட்டுவிடும். போட்டுப் பார்த்தாள். அகலத்தைப் போல இரண்டரை மடங்கு நீளம்.

"வெள்ளரிக்காய முனையிலேர்ந்து பாத்துட்டு எலுமிச்சம்பழம்னு எடை போட்டிருக்கோம். அந்த நீளம் முழுக்க உங்க ஒளிப் பாதையில கிடக்கு. அதான் உங்க கணக்கு எகிறிடுச்சு."

"நீயும் உருண்டைன்னுதான கணக்குப் போட்ட? அப்ப உன் எண்ணும் தப்பு."

"தப்புதான். உங்களோடது அதவிடத் தப்பு."

அவர் முகம் சுண்டிப்போனது. இனி எக்ஸ்ரேயைத் தூக்கினால் நீளத்துக்கான ஆதாரம் போய்விடும். நீளம் இல்லாவிட்டால் அவர் எண் ஏன் இவ்வளவு பெரியது என்று சொல்ல வழியில்லை.

"சரி, மூணையும் சேத்து எழுதலாம். ஆனா உன் பேரு என் பேருக்குப் பக்கத்துல வரக்கூடாது."

"ரொம்ப சந்தோஷம். நடுவுல நிழல் இருக்கட்டும்."

"உங்க குடும்பச் சண்டைக்கு நான்தான் சுவரா?" என்றாள் நிழல்.

அவர் வெளியேறிக் கதவை அறைந்து சாத்தப் பார்த்தார். அது தானாக மெல்ல மூடும் கதவு. இழுத்துப் பார்த்துவிட்டு, விட்டுவிட்டுப் போனார்.

சேர்த்துக் கணக்குப் போட அவருடைய தரவு வேண்டும். எக்ஸ்ரேக்காரி மெயிலைத் திறந்தாள். 'அன்புள்ள' என்று எழுதி அழித்தாள். 'வணக்கம்' என்று எழுதி அதையும் அழித்தாள்.

'ஃபைலை அனுப்பவும்' என்று மட்டும் அனுப்பினாள்.