அஞ்சாவது தட்டு

இன்ஸ்பெக்டர் சட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். ஒரு பருக்கைகூட விழவில்லை.

"பெரியவரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தாரு, எந்திரிக்கல. உதடு நீலமாயிருக்கு, சந்தேகமா இருக்குன்னு டாக்டர் சொல்றாரு. இதே சாப்பாட்ட வேற யாரெல்லாம் சாப்பிட்டீங்க?"

தையல்காரனான மூத்த மகன் கை தூக்கினான். இளையவன் தூக்கினான். மாமியார் ஒப்பாரியை நிறுத்திவிட்டுத் தூக்கினாள். சமைத்த மருமகள், மூத்தவன் பெண்டாட்டி மட்டும் தூக்கவில்லை.

"நீ ஏம்மா சாப்பிடல?"

இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு ஒன்பது வருஷமாகிறது. இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. கடைசியில் கேட்கிற ஆள் கைவிலங்கோடு வந்திருக்கிறார்.

"மிஞ்சல சார்."

"சமைச்சவளுக்கே மிஞ்சலையா? யாரு காதுல பூ சுத்தற?"

அவள் மாமியாரைப் பார்த்தாள். மருமகள் கடைசியில் சாப்பிடுவதுதான் குடும்பத்துக்கு அழகு என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்த வாய் அது. காக்கிச் சட்டையைக் கண்டதும் குடும்ப மானம் குறுக்கே வந்து நின்றது.

"அவளுக்கு நெறையத்தான் எடுத்து வச்சோம் சார். ஏன் சாப்பிடலன்னு அவளத்தான் கேக்கணும்."

கயிறு கழுத்துக்கு வந்துவிட்டது. அவள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"எந்தத் தட்டுல எடுத்து வச்சாங்கன்னு கேளுங்க சார்."

இன்ஸ்பெக்டர் தட்டுகளை எண்ணினார். நம்பாமல் இன்னொரு முறை எண்ணினார். அலமாரியைத் திறந்தார், கட்டிலுக்கடியில் குனிந்தும் பார்த்தார். மொத்தம் நாலு.

"வீட்ல அஞ்சு பேரு. உன் தட்டு எங்கம்மா?"

"எனக்குத் தட்டு கிடையாது சார். சட்டியில ஒட்டினத வழிச்சுச் சாப்பிடுவேன். இன்னிக்கு மாமா ரெண்டாவது தடவ கேட்டாரு, வழிச்சு வச்சுட்டேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். மூவரும் தரையில் எதையோ தேடினார்கள்.

பிரேதப் பரிசோதனை முடிவும் வந்தது. விஷமா, மாரடைப்பா, சொல்ல இயலவில்லை. வழக்கு அந்தரத்தில் தொங்கியது.

அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்கு விஷம் வைக்க எவ்வளவு காரணம் இருக்கிறதென்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? மூன்றாம் நாள் புருஷனே கடைக்குப் போய் ஐந்தாவது தட்டு வாங்கி வந்தான்.

"நீ மொதல்ல சாப்பிடும்மா," என்றாள் மாமியார். அந்த 'ம்மா' ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. அவள் சுடச்சுட வயிறாரச் சாப்பிடுவாள். மூவரும் சுற்றி உட்கார்ந்து அரைமணி நேரம் அவள் உதட்டையே பார்ப்பார்கள். நீலம் ஏறவில்லை என்று உறுதியான பிறகு ஆறிப்போனதைப் பிசைவார்கள்.

ஒரு வருஷம் கழித்து இன்ஸ்பெக்டர் வந்தார். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பசியோடு மூவரும் காத்திருந்தார்கள்.

"ஒண்ணும் துப்பு கெடைக்கலம்மா. உன் மேலயும் தப்பில்லன்னு எழுதி, கேச மூடிடலாம்னு இருக்கேன்."

மூவர் முகத்திலும் நிம்மதி தெரிந்தது. மாமியாரின் கை மெல்லச் சட்டியை நோக்கி நகர்ந்தது.

"எதுக்கு சார் அவசரம்? இன்னும் கொஞ்ச நாள் நல்லா விசாரிங்க," என்று சொல்லிவிட்டு, அவள் சட்டியைத் தன் பக்கம் இழுத்து இரண்டாவது தடவை போட்டுக்கொண்டாள்.