பெத்தம்மாள் மூன்று விலாசங்களுக்கு வந்து சேர்ந்த விவரம்

1954ஆம் வருஷம் தை மாதம் நாகப்பட்டினத்துக் கப்பலில் பெத்தம்மாளின் குரல் மட்டும் மலாயா வந்து சேர்ந்தது. உடம்பு மாசியில் வந்தது. கோபம் பங்குனிக் கப்பலில் வந்தது.

குற்றம் குடிநுழைவு ஆபிஸுடையதுதான் என்று டுரியான் துங்கால் பக்கத்துத் தோட்டங்களில் வெகுநாள் பேசிக்கொண்டார்கள். ஆனால் அவள் புருஷன் இருளாண்டி கொடுத்த காகிதங்களைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டுகிறவன் அவன். அவனுடைய அடையாளக் கார்டில் மூன்றாம் டிவிஷன், பழைய லயம், நாலாம் கதவு என்று இருந்தது. கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான அந்த லயத்தை 1951லேயே இடித்துத் தள்ளிவிட்டார்கள். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட் கலகக்காரர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று சனங்களையெல்லாம் கம்பிவேலிக்குள் அடைத்த வருஷம் அது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கொடுத்த சான்றில் வேலிக்குள் இருக்கும் புது லயம், பன்னிரண்டாம் கதவு. ஊரிலிருந்து பெத்தம்மாள் ஏழு வருஷமாக எழுதிய காகிதங்களிலோ, ஆறாங்கட்டைத் தோட்டம், ரங்கசாமி கடை மேல்பார்த்து. தோட்டத்துக்குத் துரைமார் வைத்த இங்கிலீஷ் பேரை எந்தத் தமிழன் சொன்னான்? ஆறாவது மைல்கல்லுக்குப் பக்கத்தில் இருந்தால் அது ஆறாங்கட்டைதான். பெண்டாட்டியை வரவழைக்கும் விண்ணப்பத்தோடு மூன்றையும் சேர்த்துக் குத்தி அனுப்பினான். ஆபிஸில் மூன்று இருளாண்டிகள் இருப்பதாகக் கண்டு மூன்று ஃபைல் திறந்தார்கள். ஒரு பெண்டாட்டியை மூன்று புருஷனுக்கு அனுமதிக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று முத்திரை குத்தினார்கள்.

குரல் பன்னிரண்டாம் கதவுக்கு வந்தது. ஊரில் மழை பெய்ததையும், யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் மாடு கன்று போட்டது என்பதையும் இதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. வேலை முடிந்து வந்து இருளாண்டி படுத்தபடி கேட்பான். அவனுக்கு அது சொர்க்கமாக இருந்தது. உடம்பு கார்டில் இருந்தபடி நாலாம் கதவுக்குப் போய்விட்டது. கதவேது அங்கே? லாலாங் புல்லுக்கு நடுவே மிஞ்சிய சிமெண்டுத் தரையில், டிரங்குப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, வாய் திறக்காமல் ரோட்டையே பார்த்து நின்றது. அது வேலிக்கு வெளியே. அந்திக்கு மேல் அங்கே தெரியும் உருவத்தைச் சுடலாம் என்று உத்தரவு இருந்தது. ஒரு நாள் சுட்டும் விட்டார்கள். குண்டு பெட்டியில் பட்டு நின்றது. கோபம் ரங்கசாமி கடைக்கு வந்து இறங்கியது. அன்று முதல் கடையில் பால் காய்ச்சுவதற்கு முன்பே திரிந்தது. டீ குடிக்க உட்கார்ந்தவர்கள் காரணமில்லாமல் கூடப்பிறந்தவனோடு சண்டை போட்டார்கள். வந்து எடுத்துப் போகும்படி ரங்கசாமி மூன்று தடவை ஆள் அனுப்பினார். இருளாண்டி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. லயத்தை இடிப்பதற்கு நாலு நாள் முன்பு அந்தக் கடைக்கு ஒரு காகிதம் வந்திருந்தது. ஐந்து வயது நிரம்பாத மகள் காளியம்மாவுக்குக் காய்ச்சல் விடவில்லை, உடனே புறப்பட்டு வரவும் என்று பெத்தம்மாள் எழுதியிருந்தாள். ரங்கசாமிதான் அதைப் படித்துக் காட்டினார். ரோட்டில் பஸ்ஸைக் கொளுத்துகிறார்கள், இந்த நேரத்தில் தோட்டத்துத் துரை லீவு தரமாட்டார் என்று இருளாண்டி எல்லாரிடமும் சொன்னான். அவ்வளவும் நிஜம். ஆனால் லீவு கேட்கவே இல்லை. பிள்ளையை அந்தக் கோலத்தில் பார்க்கப் பயந்தான். அடுத்த மாசம், அதற்கடுத்த மாசம் என்றான். ஆறின கஞ்சி பழங்கஞ்சி. தள்ளிப்போட்ட பயணமும் அப்படித்தான். கார்த்திகையில் பிள்ளை செத்துப்போனது. எங்களை இடம் மாற்றிவிட்டார்கள், விலாசம் மாறிப்போச்சு, உன் காகிதம் என் கைக்கு வரவில்லை என்று ஆள் வைத்து எழுதிப் போட்டான். கெட்டவன் என்று அவனைச் சொல்லிவிட முடியாது. கோழை.

பங்குனி முடிவதற்குள் ஆபிஸிலிருந்து நோட்டீஸ் வந்தது. சித்திரை பதினைந்துக்குள் ஒரே விலாசம் எழுதிக் கொடுக்க வேண்டும். அன்று ஆபிஸ் துரை நேரில் வந்து பார்ப்பார். அந்த விலாசத்தில் இல்லாத பங்கு எதுவோ அது அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பப்படும். இருளாண்டி பன்னிரண்டாம் கதவு என்று கைநாட்டு வைத்தான். ஃபாரம் எழுதிய ஆபிஸ் கிளார்க் பாலகிருஷ்ணன் நல்ல மனுஷன்.

"உடம்ப மட்டும் எப்படியாச்சும் கொண்டாந்துருங்கண்ணே," என்றார். "கோபம் திரும்பிப் போனா போகட்டும்லா. ஒங்களுக்கு லாபந்தானே?"

இருளாண்டிக்கு அந்த யோசனை தேனாக இனித்தது. வேலிக்கு வெளியே போகப் பாஸ் வாங்கிக்கொண்டு பழைய லயத்துக்குப் போய் அவள் கையைப் பிடித்தான். கை சூடாக இருந்தது. ஆனால் அவள் நகரவில்லை. நாலு ஆள் சேர்ந்து இழுத்தும் ஒரு சாண் நகரவில்லை. மறுநாளும் போனான், அதற்கு மறுநாளும் போனான். கெடு நெருங்க நெருங்க, அவளைக் கப்பலேற்றிவிடுவார்களே என்ற பயத்தில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. எதை விட்டுவிட்டு அவள் வரமாட்டாள் என்பது அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. கெடு நாளன்று காலை ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்குப் போகாமல் ரங்கசாமி கடைக்குப் போனான்.

"எடுத்துட்டுப் போய்யா," என்றார் ரங்கசாமி. "அந்தக் காகிதத்த ஒனக்குப் படிச்சுச் சொன்னவன் நான். அது இங்க கெடந்தா என்னையுமில்ல சேத்து எரிக்குது."

கோபத்தை எதில் எடுத்துப் போவதென்று தெரியாமல் வெறுங்கையை நீட்டினான். இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்தன. கீழே போடாமல் இரண்டு மைல் நடந்து, பழைய லயத்தில் அவள் கையில் கொடுத்தான். பெத்தம்மாள் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தாள். பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு விடுவிடுவென்று முன்னால் நடந்தாள். வேலிக் கதவில் பெர்மிட்டைப் பார்த்த காவல்காரன் ஒதுங்கி வழிவிட்டான். பன்னிரண்டாம் கதவில் துரையும் பாலகிருஷ்ணனும் ஃபைலோடு காத்திருந்தார்கள். உள்ளே ஐப்பசி மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த குரல் பாதியில் நின்றது. பெத்தம்மாள் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்து முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"புள்ளைக்கு முடியலன்னு எழுதுன காகிதம் ஒங்கையில கெடச்சுதாய்யா, கெடைக்கலியா?"

மூன்று விலாசம் இருந்தது அவனுக்கு ஒளிந்துகொள்ள. ஃபைலில் அத்தனையும் முத்திரையோடு இருந்தது. இல்லை என்று சொல்லு என்பதுபோல் பாலகிருஷ்ணன்கூடத் தலையை அசைத்துக் காட்டினார்.

"கெடச்சுது புள்ள," என்றான் இருளாண்டி.

அவள் அவனை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. தரையில் உட்கார்ந்து மார்பில் அறைந்துகொண்டு காளியம்மா காளியம்மா என்று ஓலமிட்டாள். லயத்துப் பெண்கள் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். மூன்று வருஷத்துச் சாவுக்கு இன்றைக்கா அழுவது என்று யாரும் கேட்கவில்லை. ஆண்கள் இருளாண்டியை வெளியே கூட்டிவந்து இழவு வீட்டுக்காரனை உட்கார வைப்பதுபோல் உட்கார வைத்தார்கள். துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு, பங்கு ஏதும் குறைகிறதா என்று மெல்லக் கேட்டார். ஒன்றும் குறையவில்லை என்றார் பாலகிருஷ்ணன். துரை ஃபைலில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.